மூன்று மணி வரை

மந்தைவெளி
9 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு மர்சலின் எழுதுவது,

இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. நானும் ராம்குமாரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மஸ்கட்டில் குளிர் அதிகம் என்றார்களே, போர்த்திக்கொண்டு தூங்குகிறாயா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்கு மெயிலில் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ போனில் இரண்டு நிமிடம் தாண்டுகிறவன் இல்லை. "சரி மர்சி, வெச்சிடுறேன்" என்பதை ஹலோவோடு சேர்த்தே சொல்லிவிடுவாய். தவிர, வீட்டில் நான் யாரிடம் பேசினாலும் லிசா வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள். இது அவளைப் பற்றிய கடிதம். அதனால் பள்ளிக்கூடத்தில், மதிய இடைவேளையில், ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன். போனில் இந்த மெயிலை வைத்துக்கொள்ளவில்லை. ஏழு வயதுக்கு அவள் நன்றாகவே படிக்கிறாள்.

டிசம்பரில் சைதாப்பேட்டை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டோம். நீ வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்ட வீடு. அம்மா அடக்கத்துக்கு வந்தபோதுகூட மயிலாப்பூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கினாயே, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பின்பக்க அறையின் கதவை மறைத்துக்கொண்டு நின்ற பெரிய பீரோவை நான்கு பேர் சேர்ந்து நகர்த்தினோம். நான் வளர்ந்த வீட்டில் நான் பார்க்காத அறை. கேட்டால் "சுவரெல்லாம் ஓதம்" என்றுதான் அம்மா சொல்வார். உள்ளே ஓதமும் இல்லை, ஒன்றும் இல்லை. சின்ன ஜன்னல், நல்ல சிமென்ட் தரை. மஞ்சள் பெயின்ட் அடித்து லிசாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் எல்லாம். கையில் கிடைத்ததை வீசுகிறாள். தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிறாள். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று அவள் மிஸ் சொல்கிறார். நெட்டில் தேடினேன். எதைத் தட்டினாலும் மூன்றாவது பக்கத்தில் என் மகளுக்கு ஒரு பெரிய வியாதியின் பெயர் வந்துவிடுகிறது. ஒருவர் பூச்சி மருந்து கொடு என்கிறார், ஒருவர் மைதாவை நிறுத்து என்கிறார், ஒருவர் இருபத்தொரு நாள் வகுப்பில் சேர் என்கிறார். இருபத்தைந்து கேள்வி உள்ள ஒரு படிவத்தை நிரப்பினேன். "எல்லைக்கோட்டில் இருக்கிறார்" என்று வந்தது. எந்த எல்லை என்று அதில் இல்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அறைக் கதவு மூடிவிடக் கூடாது என்று ரப்பர் செருப்பு ஒன்றை இடுக்கில் வைத்துவிடுகிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து அதில் தடுக்கி விழப்போன ராம்குமார், "இன்னா இது, கதவுக்குக் காவலா செருப்பு நிக்குது" என்கிறார்.

ஆஸ்பத்திரி ஸ்டோரில் டாக்டர்களைப் பார்க்கிறவன் நீ. யாரையாவது விசாரித்து எழுது.

உன் தங்கை
மர்சி


மஸ்கட்
12 ஜனவரி 2025

அன்புள்ள மர்சி,

கர்த்தர் உங்களைக் காக்கட்டும். என் முதுகு பரவாயில்லை. போர்வை இருக்கிறது. ராம்குமாருக்கு இரவு ஷிஃப்ட் குறைந்ததா?

இங்கே குழந்தைகள் பிரிவு நர்ஸைக் கேட்டேன். கண், காது, ரத்தம் மூன்றையும் முதலில் பார்க்கச் சொன்னார். நெட்டில் வருவதையெல்லாம் நம்பாதே. பாட்டி போனதும், வீடு மாறியதும் குழந்தைக்கு இருக்கும். திட்டாதே.

பீரோவைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டால் நல்லது. அந்த அறையில் எலி வரும். லிசா உங்களோடு கூடத்தில் படுக்கட்டும்.

அன்புடன்
பிலிப்

பி.கு. எந்தக் கால் செருப்பு?


மந்தைவெளி
29 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இடது கால் செருப்பு. இதைக் கேட்கத்தான் பி.கு. போட்டாயா? பக்கம் பக்கமாக எழுதினால் உனக்குச் செருப்புதான் கண்ணில் படுகிறது. அம்மா ஓதம் என்றார், நீ எலி என்கிறாய். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே பொய்யாகச் சொல்லியிருக்கலாம். எலியும் இல்லை, பீரோவும் நகராது.

கண், காது, ரத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு வழி கிடைத்துவிட்டது. எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஜலஜா டீச்சர் ஒரு வீடியோ அனுப்பினார். பிள்ளை அடம் பிடித்தால் திட்டவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். வயசுக்கு ஒரு நிமிடம் என்று தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். "எங்காத்துல பெரியவனுக்கு இதத்தான் பண்ணினேன். பேசாம வெளில உக்காந்துண்டு இரு, பத்து நாள்ல சரியாயிடும்" என்றார்.

செருப்பை எடுத்துவிட்டுச் சாத்தினேன். முதல் நாள் தொண்டை கிழியக் கத்தினாள். ஏழு நிமிடம் முடிவதற்குள் எனக்கே வேர்த்துவிட்டது. மூன்றாம் நாள் தட்டினாள், அவ்வளவுதான். அப்புறம் கதவுக்கு அடியில் இருக்கும் சந்தில் விரல்களை நீட்டினாள். நான்கு விரலும் வெளியே தெரிந்தன. தொட்டால் எல்லாம் வீணாகிவிடும் என்று வீடியோவில் இருக்கிறது, அதனால் தொடவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாளிலிருந்து சத்தமே இல்லை. உள்ளே போகிறாள், அமைதியாக இருக்கிறாள், வெளியே வருகிறாள். நம்ப முடிகிறதா?

பதில் போடு.

மர்சி


மந்தைவெளி
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

நலமா? நலமாக இருந்துகொண்டுதான் பதில் போடாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. போனில் கேட்டால் "மெயில் பாத்தேன், எழுதறேன்" என்று வைத்துவிட்டாய்.

லிசா அமைதி. வீட்டிலும் அமைதி, பள்ளியிலும் அமைதி. சில நேரம் சாப்பிடும்போது கையில் இட்லியோடு அப்படியே நின்றுவிடுகிறாள். கூப்பிட்டால் கேட்பதில்லை. பத்து எண்ணுவதற்குள் திரும்ப வந்துவிடுகிறாள். யோசனை அதிகமாகிவிட்டது பெண்ணுக்கு என்கிறார் அவர்.

நேற்று என்னை இழுத்துக்கொண்டுபோய் அறைக் கதவின் உள்பக்கம், கீழே, தரையை ஒட்டி ஓர் இடத்தைக் காட்டினாள். "யாரும்மா இங்க நோண்டுனது?" என்றாள். பெயின்டுக்கு அடியில் மரம் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. விரலை வைத்தால் பொருந்துகிறது, சின்ன விரல் என்றால். உன் எலிதான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நெட்டில் கடைசியாக ஒரு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. தமிழில் பெற்றோர்கள் கேள்வி கேட்டு, பெற்றோர்களே பதில் எழுதும் மன்றம். அதில் ஒருவர் இருக்கிறார். பெயர் போடவில்லை, "மூன்றுமணி" என்று வைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது வருடமாக எழுதுகிறார். நூற்று நாற்பது பதில் இருக்கும், எல்லாம் ஒரே விஷயம். எந்த ஊரிலோ ஒரு தாய் பிள்ளையை அறையில் விட்டேன் என்று எழுதினால் அன்றைக்கே இவர் வந்துவிடுகிறார். ஒன்றை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"குழந்தை கத்தினால் நல்லது அம்மா. உள்ளே இருக்கிறது என்று தெரிகிறது. அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். கதவைச் சாத்தாதீர்கள்."

பாவம், என்ன பட்டாரோ. நிறையப் பிள்ளைகளை வளர்த்தவராக இருக்க வேண்டும். என் கேள்வியை அவருக்குத் தனியாக எழுதப் போகிறேன். சொந்த அண்ணன் பதில் போடவில்லை என்றால் ஊரார்தான் கதி.

மர்சி


மஸ்கட்
24 பிப்ரவரி 2025

மர்சி,

நலம். நலமறிய ஆவல்.

கதவைச் சாத்துவதை நிறுத்திவிடு. இன்றைக்கே நிறுத்து. காரணம் கேட்காதே.

பிலிப்


மந்தைவெளி
25 பிப்ரவரி 2025

அண்ணா,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ சுகமாகவே இரு.

ஒரு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு மூன்று வரியில் உத்தரவு போடுகிறாய். அப்பா இப்படித்தான் பேசுவார். நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு பிள்ளையை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டதில்லை. அவள் முடியைப் பிய்த்துக்கொண்டு தரையில் உருளும்போது பக்கத்தில் இருப்பவள் நான். காரணம் சொல்லாதவன் பேச்சை நான் எதற்குக் கேட்க வேண்டும்?

அந்த மூன்றுமணி எவ்வளவோ மேல். வீடு மாறியது, அறை, செருப்பு எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "கதவைச் சாத்தாதீர்கள். செருப்பை எடுக்காதீர்கள் அம்மா. இடது செருப்பு அங்கேயே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். எந்தக் கால் என்று நான் எழுதிய ஞாபகம் இல்லை. எழுதியிருப்பேன் போல. உலகத்தில் உன்னைப்போல் செருப்புப் பைத்தியம் இன்னொருவரும் இருக்கிறார்.

அவர் சொன்னதற்காக இரண்டு நாள் சாத்தாமல் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் டம்ளரை எடுத்து என் நெற்றியில் வீசினாள். இரண்டு தையல். மறுபடி சாத்த ஆரம்பித்துவிட்டேன்.

மர்சலின்


மந்தைவெளி
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

தவக்காலத்தில் கோபத்தை வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது என்று போன ஞாயிறு பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தார். என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. மன்னித்துக்கொள். தையல் பிரித்தாகிவிட்டது. நீ சாப்பிடுகிறாயா? குரல் மெலிந்திருக்கிறது.

லிசாவை அடையாறில் குழந்தைகள் மனநலம் பார்க்கும் ஸ்ரீரஞ்சனி என்ற டாக்டரிடம் அழைத்துப்போனோம். நல்ல மாதிரி. தரையில் உட்கார்ந்து லிசாவோடு படம் வரைந்தார். லிசா ஒரு கதவும் அதற்குக் கீழே நான்கு கோடும் வரைந்தாள். கோடு என்ன என்று கேட்டார், அவள் அதையே இன்னும் அழுத்தி வரைந்தாள். கதவு விஷயத்தை நானும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது அண்ணா.

கையில் எடுத்தது அப்படியே இருக்க நின்றுவிடுகிறாள் என்றதும் டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அது யோசனை இல்லையாம், ஒருவகை வலிப்பாக இருக்கலாமாம். தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கும் ஒரு பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். "உங்க குடும்பத்துல யாருக்காவது ஃபிட்ஸ் இருந்துதா? சின்ன வயசுல யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

ஸ்டீவ் பெயரைச் சொன்னேன். எனக்கு மூன்று வயதில் போன அண்ணன், எட்டு வயது, காய்ச்சல் என்றேன். எவ்வளவு நாள் காய்ச்சல், என்ன காய்ச்சல் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இந்த உலகத்தில் அதைத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். ஸ்டீவுக்கு வலிப்பு இருந்ததா?

மர்சி


மஸ்கட்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள மர்சி,

நலம். சாப்பிடுகிறேன்.

காய்ச்சல் என்றுதான் அம்மா எல்லோரிடமும் சொன்னார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. டாக்டர் சொன்ன பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. செலவை நான் அனுப்புகிறேன்.

பிலிப்


மந்தைவெளி
11 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். குருத்து ஞாயிறுக்கு ஓலை சொல்லியாகிவிட்டது, இந்த வருடம் லிசாவே சிலுவை பின்னுவதாகச் சொல்லியிருக்கிறாள். நான்கு நாளில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

குடும்பத்தில் யாருக்கும் வலிப்பு இல்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அப்படியென்றால் அவசரமில்லை, ஈஸ்டர் முடிந்து இருபத்தெட்டாம் தேதி பார்க்கலாம் என்று நாள் கொடுத்தார்கள்.

அம்மா இல்லாத முதல் பெரிய வெள்ளி இது. அவர் செய்தது போலவே, ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நேரமான பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வீட்டில் மௌனம் காக்கப் போகிறேன். அடுப்பு இல்லை, டிவி இல்லை, பேச்சு இல்லை, போனையும் அணைத்துவிடுவேன். அம்மாவுக்காக அதைச் செய்யாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. ராம்குமாருக்கு அன்றைக்கு ஷிஃப்ட். லிசாவை அவள் அறையில் விட்டுச் சாத்திவிடுவேன். கலர் பென்சில், தண்ணீர், ஃபேன் எல்லாம் இருக்கும். இப்போதெல்லாம் உள்ளே போனால் சத்தமே போடுவதில்லை, மூன்று மணி வரை இருந்துவிடுவாள்.

பள்ளி வியாழனிலிருந்து லீவு. இனி திங்கட்கிழமைதான் மெயில் பார்ப்பேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

மர்சி


மஸ்கட்
17 ஏப்ரல் 2025, பெரிய வியாழன்

மர்சி,

ஆறு நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழிக்கிறேன். இன்றைக்கு அழிக்கப் போவதில்லை.

ஸ்டீவுக்கு வலிப்பு இருந்தது. லிசாவைப் போலவே முதலில் வெறித்துப் பார்ப்பான், பிறகு கீழே விழுவான். வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று அம்மா பின் அறைச் சாவியைக் கொடுப்பார். பெரிய இரும்புச் சாவி. மற்ற நேரத்தில் சும்மா இருக்க மாட்டான். கத்துவான், ஓடுவான், கடிப்பான். அப்பா உபதேசியார், கோயிலில் ஊருக்கே ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர். வருடத்துக்கு வருடம் பெரிய வெள்ளியன்று கோயிலே மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கும்போது இவன் கத்துவான். ஊரே திரும்பிப் பார்க்கும். அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. டாக்டரிடம் போகவில்லை, வெளியே தெரியக் கூடாது என்று. கேட்டுத் தெரிந்துகொள்ள அன்றைக்கு நெட்டும் இல்லை. கத்தினால் அறையில் போட்டுப் பூட்டுவார். பூட்டக் கூடாது என்று அவன் இடது கால் செருப்பை இடுக்கில் வைப்பான்.

1990, ஏப்ரல் 13. அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போனார்கள். நீ கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாய். அப்பா என் கையில் சாவியைக் கொடுத்தார். "மூணு மணி வரைக்கும் இவன் சத்தம் வெளிய வரக் கூடாது. கோயில்ல கட்டை தட்டுற சத்தம் கேட்டப்புறம் தொற" என்றார். பெரிய வெள்ளியன்று மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டைதான் தட்டுவார்கள், உனக்கே தெரியும். செருப்பை எடுத்துவிட்டுப் பூட்டியது நான்.

வாசல்படியில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். அவன் தட்டிக்கொண்டே இருந்தான். இவன் அமைதியாக வேண்டும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டேன். பன்னிரண்டரைக்குத் தட்டுவது நின்றது. நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். என் ஜெபம் பலித்தது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டரை மணி நேரம் சட்டைப் பையில் சாவியோடு உட்கார்ந்திருந்தேன். கட்டை தட்டினார்கள், போய்த் திறந்தேன். கதவை ஒட்டியே கிடந்தான்.

காய்ச்சல் என்று அன்றைக்குச் சாயந்தரமே முடிவு செய்தார்கள். பீரோவை நகர்த்த நானும் கை கொடுத்தேன். அந்தப் பன்னிரண்டரையைத் தாண்டி நான் எங்கேயும் போகவில்லை மர்சி. மஸ்கட் வந்து பார்த்தேன், இங்கேயும் அதுதான்.

மூன்றுமணி நான்தான். உன்னிடம் சொல்ல முடியாததை முகம் தெரியாத நூற்று நாற்பது பேரிடம் சொல்லியிருக்கிறேன். நீ தனியாக எழுதிய அன்றைக்குத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதும் ஊர் பேர் தெரியாதவனாகத்தான் உனக்குப் பதில் சொன்னேன்.

நாளைக்குக் கதவைச் சாத்தாதே. அவளைத் தனியாக விடாதே. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல். என்னை மன்னிக்க முடியுமா என்று பிறகு சொன்னால் போதும்.

பிலிப்


மஸ்கட்
18 ஏப்ரல் 2025

மர்சி,

நீ திங்கட்கிழமைதான் மெயில் பார்ப்பாய் என்று நீயே எழுதியிருந்தாய். எழுதி அனுப்பிவிட்ட நிம்மதியில் அதை மறந்து தூங்கிப்போனேன். முப்பத்தைந்து வருடத்தில் நன்றாகத் தூங்கியது நேற்றுதான். எழுந்து பார்த்தால் இங்கே பத்தரை, அங்கே பன்னிரண்டு.

உன் போன் அணைத்திருக்கிறது. ராம்குமாரும் எடுக்கவில்லை. அந்தத் தெருவில் எனக்கு வேறு ஒருவரையும் தெரியாது. இது உனக்குப் போய்ச் சேராது என்று தெரியும். தெரிந்தே அடிக்கிறேன். சும்மா உட்கார என்னால் முடியாது.

இப்போது இங்கே பதினொன்று. அங்கே பன்னிரண்டரை.


மந்தைவெளி
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

லிசா நலம். நேற்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நான் நலமா என்று தெரியவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போனைப் போட்டபோது உன் பெயரில் முப்பத்தொரு அழைப்புகள் இருந்தன. "லிசா நல்லா இருக்கா. ஸ்டீவுக்கு வலிப்பு இருந்துச்சா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாய். அழுதாய். "மெயிலைப் படி. சரி மர்சி, வெச்சிடுறேன்" என்றாய். இன்றைக்குத்தான் பள்ளிக்கு வந்தேன். இரண்டு கடிதத்தையும் படித்தேன். ஜலஜா டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் வகுப்புக்கும் சேர்த்து அவரே போயிருக்கிறார்.

அன்றைக்கு நடந்தது இது. பன்னிரண்டுக்கு அவளை உள்ளே விட்டேன். செருப்பை எடுத்தேன், தாழ்ப்பாள் போட்டேன். ஜெபமாலையோடு அந்தக் கதவுக்கு நேரே தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சந்தில் விரல் வந்தது. நான்கு விரல். தொடக் கூடாது என்று கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என்னையறியாமல் குனிந்து என் விரலை அதன் மேல் வைத்தேன். அவள் சட்டென்று இழுத்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். நான் தொட்டேன், அவள் இழுத்தாள். விளையாட்டு. உள்ளே சிரிக்கிறாள். எத்தனை மாதம் ஆயிற்று அவள் சிரித்து.

அந்த விளையாட்டு எனக்குத் தெரியும் அண்ணா. சிறு வயதிலிருந்து எனக்கு ஒரு கனவு வரும். சிமென்ட் தரையில் குப்புறப் படுத்திருக்கிறேன், கன்னம் சில்லென்று இருக்கிறது. ஒரு சந்தில் யாருடைய விரலோ வருகிறது, நான் தொட்டால் ஒளிந்துகொள்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது? கனவின் கடைசியில் விரல் ஒரு தடவை வெளியே வந்து அப்படியே நின்றுவிடும். நான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், இழுத்துக்கொள்ளாது. அத்தோடு விழித்துவிடுவேன்.

லிசாவின் விரல் நின்றது. தொட்டேன், இழுத்துக்கொள்ளவில்லை.

மௌனமாவது ஒன்றாவது. கத்திக்கொண்டே தாழ்ப்பாளை நீக்கித் திறந்தேன். கண் மேலே செருகி, வாயில் நுரையோடு கிடந்தாள். முழு வலிப்பு. தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினேன். ஓர் ஆட்டோக்காரர், "உக்காரும்மா, கொயந்தய ஒருக்களிச்சு வெச்சிக்க" என்று சிக்னலில் எங்கேயும் நிற்காமல் ஓட்டினார். நேரத்தோடு வந்ததால் பிழைத்தாள் என்றார்கள். மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஸ்டீவைப் பற்றிச் சொன்னேன், கதவைப் பற்றியும் சொன்னேன். ஸ்ரீரஞ்சனி டாக்டர் திட்டவில்லை. கோபமும் சரி மௌனமும் சரி, பாதி வியாதி, பாதி பயம், இரண்டையும் பார்க்கலாம் என்றார்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். பதின்மூன்று வயதுப் பையனிடம் எனக்குக் கோபம் இல்லை. ஏப்ரல் இரண்டாம் தேதி எழுதிய நாற்பத்தெட்டு வயது மனிதனை இன்னும் மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்கிறேன். நானும் அந்தக் கதவைச் சாத்தியவள்தான், அதையும் நான் மறக்கவில்லை.

ஒன்றை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் பாயில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நீ வாசல்படியில் இருந்தாய், உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுந்து கதவுக்குப் போயிருக்கிறேன். பன்னிரண்டரைக்கு அவன் தட்டுவதை நிறுத்தினான் என்றால், என் விரலைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறான். நீ கேட்டு சந்தோஷப்பட்ட அந்த அமைதியில் அவன் சாகவில்லை அண்ணா. என்னோடு விளையாடிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று கேட்காதே, எனக்கு மூன்று வயது. நிறைய நேரம் என்றுதான் ஞாபகம். அப்புறம் விரல் நின்றது. எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு முடிந்தது என்று திரும்பிப் போய்ப் பாயில் படுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வா. இந்தத் தடவை லாட்ஜ் வேண்டாம். கதவைக் கழற்றிவிட்டேன், ஆனாலும் லிசா தினமும் படுக்கப் போகுமுன் இடது செருப்பை அந்த வாசலில் வைத்துவிட்டுத்தான் போகிறாள். நான் அதை எடுப்பதில்லை.

உன் தங்கை
மர்சி